யார் வீட்டுச் சுவர்

இந்த வீட்டில் காற்று தரையிலிருந்து வருகிறது. ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்குக் கீழே சல்லடை மாதிரி ஓர் இரும்புத் தட்டைத் தரையோடு பதித்திருக்கிறார்கள். நிலவறையில் பர்னஸ் என்று ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. அது கேஸில் எரிந்து, சுடுகாற்றைக் குழாய் வழியாக மேலே ஊதும். குளித்துவிட்டு வந்ததும் நான் சல்லடைமேல் போய் நிற்பேன். சேலைக்குள் காற்று ஏறிக் கொசுவம் உப்பிக்கொள்ளும். மகள் செல்வி பார்த்தால் சிரிப்பாள் என்று, அவள் எழுந்திருக்கும் முன்பே நின்றுவிட்டு நகர்ந்துவிடுவேன். அருப்புக்கோட்டையில் ஆயுசு முழுக்கச் சுடுகாற்றுக்குப் பயந்து கதவைச் சாத்தியவள், இந்த வின்னிபெக்கில் அதைத் தேடிப் போய் நிற்கிறேன்.

தை மாதத்தில் ஒரு காலை அப்படி நின்றபோது காற்று சில்லென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. மருமகன் வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். போனால் சில வாரம் கழித்துத்தான் வருவார். வீட்டில் நானும் செல்வியும் மட்டும். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய், இதுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அவளுடைய அப்பா மல்லாங்கிணற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவர் போன பிறகு, பிள்ளை உண்டானால் கூட இருக்கட்டும் என்று என்னை இங்கே கூட்டி வந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் வராது. தமிழிலும் நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆகவே குளிர்ந்த வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவள் ஒவ்வொரு கம்பெனியாகப் போன் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரே உறைந்து கிடந்ததால் எல்லாருக்கும் வேலை நெருக்கடி. கடைசியில் இந்தப் பக்கத்திலேயே சொந்தமாகத் தொழில் செய்யும் ஒரு கான்ட்ராக்டர் வருவதாகச் சொன்னார்.

கெவின் என்று பெயர். நல்ல உயரம், நரைத்த தாடி. வாசலில் பூட்ஸுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். டீ வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நிலவறைக்கு இறங்கினார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. பர்னஸுக்குள் விரிசல் விட்டிருக்கிறது, புகை வீட்டுக்குள் கசியும், அந்தப் புகைக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று சொன்னாராம். கேஸை அடைத்து அந்தப் பெட்டியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார். பிறகு செல்வியின் வயிற்றைப் பார்த்து என்னவோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

"என்னத்தா கேக்காரு?"

"மாசமா இருக்கியான்னு கேக்காரும்மா. அப்படின்னா மத்த வேலையத் தள்ளி வச்சுட்டு, நாளைக்குக் காலையில புதுசு கொண்டாந்து மாட்டிருவாராம்."

இதே கேள்வியை இதற்கு முந்தைய சித்திரையில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருந்தேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பா கட்டிய வீடு. அக்காவுக்கும் எனக்கும் பொது. கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா அங்கேயே இருந்தாள். என் டிரங்குப் பெட்டி இன்னும் அந்த வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. அக்காவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து, மாடியில் ஓர் அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மேலே நேராக மொட்டைமாடி. எங்கள் பக்கத்து வெயில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கரிசல் காடு பாளம் பாளமாக வெடிக்கும். திருச்சுழி ரோட்டில் பஸ்ஸுக்குள் கம்பியைத் தொட முடியாது. ராத்திரியும் அந்தத் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். முதுகில் புண் வந்துவிட்டது, அறையைக் குளிர்ச்சியாக வைக்காவிட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இங்கிருந்து ஏற்பாடு செய்து ஒரு ஏசி வாங்க வைத்தேன். அக்கா மகன் பாண்டி உள்ளூர் மெக்கானிக் ஒருவரைப் பிடித்தான். வேலை முடியும்வரை நானும் பார்க்க வேண்டும் என்று போனை வீடியோவில் போட்டுச் சன்னலில் சாத்தி வைத்திருந்தான்.

அந்த மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, துளை போடும் மிஷினை எடுக்கும் முன்னால், எங்கள் பக்கத்தில் கொத்தனார் முதல் ஆணி அடிக்கிற ஆள் வரைக்கும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுல யாரும் மாசமா இருக்காகளா?"

பாண்டி வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி கௌசல்யா அந்த அறை வாசலில்தான் நின்றாள். அஞ்சாம் மாதம். மாசமாக இருக்கிறவள் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போடுங்க," என்றாள் அவள்.

அக்காவுக்குப் பாதி வாய்தான் பேசும். அந்தப் பாதி வாயால், "போடாத" என்றாள். "மருமக வாயும் வயிறுமா இருக்கா. செவுத்துல கைய வைக்காத."

"பெரியம்மா, மூணு விரக்கட ஓட்டதான். பைப்பு வெளிய போகணும்ல? வேணும்னா சன்னல் கம்பிய அறுத்து அது வழியா விடுறேன்."

"அறுக்குறதும் அதுதான? மேல மாட்ட ஆணி அறைய மாட்டியா நீ?"

நான் போனுக்குள்ளிருந்து கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தினதில்லை. "அக்கா, ஒன் முதுகுப் புண்ணப் பாருக்கா. ஒரு ஓட்டையில என்ன ஆயிரப் போகுது?"

"ஏ மாரி, நீ குளுகுளுன்னு ஒக்காந்துகிட்டுப் பேசாத. ஏழாம் மாசம் வளையல் போட்டு அவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் வீட்டையே இடிச்சுக் கட்டுங்க. அதுவரைக்கும் நான் என்ன செத்தா போயிருவேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாண்டிகூடச் சிரித்துவிட்டான். மெக்கானிக் மட்டும் சிரிக்காமல் மிஷினைப் பைக்குள் வைத்தார்.

"நானும் பிள்ளகுட்டிக்காரன்ம்மா," என்று போனைப் பார்த்து என்னிடம் சொன்னார். "வேண்டாம்னு சொன்ன பெறகு நான் போட்டு, நாளைக்கு ஏதும் ஒண்ணுன்னா எம் பேரத்தான் சொல்வாக. வளகாப்பு முடியவும் கூப்பிடுங்க, வாரேன்."

ஏசி அட்டைப் பெட்டியோடு அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அதன்மேல் தண்ணீர்ச் செம்பும் மருந்தும் விசிறியும் வைத்தார்கள். கௌசல்யா ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து போட்டாள். போட்ட கையோடு காயும். வைகாசியில் ஒரு மத்தியானம் அக்கா போய்விட்டாள். வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள்.

என்னால் போக முடியவில்லை. போனில்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் இப்போது செத்தவர்களைக் கிடத்த ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வருகிறது. சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, கூடத்தில் இறக்கி, பிளக்கைச் சொருகிவிட்டார்கள். கண்ணாடிமேல் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அக்கா குளிர்ச்சியாகக் கிடந்தாள். அந்தப் பெட்டிக்குச் சுவரில் ஓட்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆவணியில் கௌசல்யாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குறை ஒன்றும் இல்லை. கிழவி தன் உசிரைக் கொடுத்துப் பேரனைக் காப்பாற்றிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை கெவின் புது பர்னஸோடு வந்தார். அதற்குள் வீடு குளிரில் இறுகிப்போயிருந்தது. நானும் செல்வியும் அடுக்களையில் சின்னக் கரண்டு அடுப்பு ஒன்றின் முன்னால் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். நிலவறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பழையது புகைபோக்கி வழியாகப் புகையை விட்டது. புது மாதிரிக்கு இரண்டு வெள்ளைக் குழாய் சுவர் வழியாக வெளியே போக வேண்டுமாம். கெவின் சுவரில் பென்சிலால் இரண்டு வட்டம் போட்டிருந்தார். கையில் பெரிய டிரில் மிஷின்.

நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே வட்டத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். அவர் என்னவோ சொன்னார். நான் நகரவில்லை. சத்தத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தன் காதில் இருந்த மூடியைக் கழற்றி, பூ வைக்கிற மாதிரி மெதுவாக என் தலையில் மாட்டிவிட்டார். உலகம் ஓய்ந்துபோனது. அதை மாட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. செல்வி படியில் இறங்கி வந்து அதைக் கழற்றினாள்.

"அம்மா, தள்ளு. அவரு எம்புட்டு நேரம் நிப்பாரு?"

"நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வாயேன்த்தா."

"வெளிய எங்க போக? கொட்டுற பனியில போய் நிக்கவா?"

"பக்கத்து வீட்டுல போயி..."

"பக்கத்து வீட்டுக்காரி பேரு ஒனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது." பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் தாழ்ந்தது. "பெரியம்மாவ நெனச்சுக்கிட்டு நிக்கியா? அவுக எதுனால செத்தாகன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். கௌசல்யா பிள்ள நல்லா இருக்கான். அதுவும் தெரியும்."

அவள் கையிலிருந்த காது மூடியைக் கெவினிடம் நீட்டினாள். மூச்சு புகையாக வந்தது.

"போன ரெண்டு தடவையும் எவம்மா வந்து செவுத்துல ஓட்டை போட்டான்?"

அவள் என் கையைப் பிடித்துச் சுவரிலிருந்து எடுத்தாள். அவள் விரல் ஐஸ்கட்டி. அக்காவை அந்தப் பெட்டியில் வைத்தபோது தொட்டுப் பார்க்க நான் அங்கே இல்லை. தொட்டிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

நகர்ந்துவிட்டேன். கெவின் மிஷினைத் தூக்கிச் சுவரில் வைத்தார். அவர் கை அதன் விசைக்குப் போவதற்குள் நான் முன்னால் போய், என் கையை அவர் கைமேல் வைத்தேன். நாளைக்கு ஏதும் ஆகி யாரோ ஒருவர் பேரைச் சொல்லத்தான் போகிறார்கள் என்றால் அது என் பேராக இருக்கட்டும். ஊர் பேர் தெரியாமல், கூப்பிட்ட உடனே வந்தவர், அவர்மேல் பழி எதற்கு? வயிற்றுக்காரியும் அவள் புருஷனும் சுவரில் கை வைக்காமல் இருந்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாகிற வயதில் இருக்கும் நான் வைக்கலாம். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? கிழவிக்கு ஆசை போல என்று எண்ணிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஓகே மாம், யூ த பாஸ்!"

விசையில் என் விரலை அவரே எடுத்து வைத்தார். நான் அழுத்தினேன். முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. மரத்தூளும் சுவருக்குள் குளிருக்காக அடைத்திருந்த பஞ்சும் பறந்தன. சுவர் விட்டுக்கொடுத்ததும் வட்டமாக ஒரு துண்டு கழன்று வந்தது. அந்த ஓட்டை வழியாக வெள்ளை வெளிச்சமும், கத்தி மாதிரி ஒரு குளிரும் முகத்தில் அடித்தன. கெவின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் செல்வியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் சல்லடை வழியாகச் சூடு வந்தது. அன்றிலிருந்து அவள் தன் இடுப்பைப் பிடித்தால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். கழிவறையில் கொஞ்சம் நேரமானால் கதவுக்கு வெளியே போய் நிற்பேன்.

மாசி பாதியில் பாண்டி போன் பண்ணினான்.

"சித்தி, இப்பமே வெயிலு ஆரம்பிச்சிருச்சு. பயலுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. அம்மா ரூம்லதான் படுக்கோம். அந்த ஏசிய மாட்டிரலாம்னு மெக்கானிக்க வரச் சொல்லிருக்கேன். வந்து நிக்காரு."

"மாட்டுப்பா. அதுக்கு ஏன் என்னையக் கேக்க?"

அவன் இழுத்தான். "இல்ல சித்தி, அவரு கேக்காரு... வீட்டுல யாரும் மாசமா இருக்காகளான்னு. கௌசல்யாதான் சொல்றா, செல்வி இருக்காள்லன்னு. இது அம்மாவுக்கும் ஒங்களுக்கும் பொது வீடுதான? அவ வயித்துப் பிள்ளைக்கும் இது வீடுதான? நீங்க சொன்னா பங்குனில அவ பெத்து எந்திரிக்கிற வரைக்கும் பொறுத்துக்குறோம்."

போனில் அந்த அறை தெரிந்தது. அட்டைப் பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் பவுடர் டப்பாவும் கிலுகிலுப்பையும் சின்னச் சின்னச் சட்டைகளும். கட்டிலில் குழந்தை கன்னம் சிவந்து தூங்கினான். பொறுத்துக்கொள்கிற பேச்சை அந்த அறையில் நான் முன்னமே கேட்டிருக்கிறேன். பொறுக்கச் சொன்னால் அந்த வீடு இன்னும் எங்களுடையது. போடச் சொன்னால், செல்விக்கு அந்தச் சுவரோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நானே வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அவர் மிஷினை எடுப்பார். சொன்னால்தான் எனக்கும் செல்வியை நினைத்துப் பயப்படாமல் உறக்கம் வரும்.

"போடச் சொல்லு பாண்டி," என்றேன். "அது ஒங்க வீட்டுச் செவுரு. எங்களது இல்ல."

"சரி சித்தி," என்றான். "பரண்ல ஒங்க பெட்டி இருக்கு. தூசி விழுகும். எறக்கி வைக்கட்டா?"

"எறக்கிரு."

கௌசல்யா குழந்தையைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டாள். மிஷின் சத்தம் கேட்டது. செங்கல் பொடி சிவப்பாகக் கட்டில்மேல் கொட்டியது. பிறகு வட்டமாக வெயில் உள்ளே வந்தது. குழந்தை விழித்து அழுதான். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றேன். சேலைக்குள் சுடுகாற்று ஏறிக் கொசுவம் உப்பியது. குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் தரையில் இல்லை, சல்லடைமேல் இருந்தன. அதற்குக் கீழே இருட்டுதான் தெரிந்தது.