ஜெபல் ஹபீத்தில் ஒரு மணிப்பூ

அமீரகத்தின் அல் ஐனில் எனக்கு நர்ஸ் வேலை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் பேரீச்சையையும் வேம்பையும் விட்டால் ஒரு செடியின் பெயரும் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் உண்டு.

நல்ல மழை பெய்த பிறகு வந்த ஆஃப் நாளில் கணவரோடு ஜெபல் ஹபீத் மலைக்குப் போனேன். சாலையோரம் காரை நிறுத்திவிட்டுச் சற்று ஏறினால் எல்லாம் சுண்ணாம்புப் பாறை. மழை தயவில் இடுக்குகளில் புல் தலைகாட்டியிருந்தது. அதற்கு நடுவே வெளிர்நீலத்தில் ஒரு பூ. சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆனால் வடிவம் அச்சு அசல் மணி.

போனில் இருக்கும் ஆப் மூன்று பெயர் சொல்லிக் குழப்பியது. செடிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். "மணிப்பூ இனமாக இருக்கலாம். கம்பானுலா என்பார்கள். இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும், தண்டை ஒடித்தால் பால் வர வேண்டும்" என்று ஒருவர் எழுதினார்.

அடுத்த ஆஃபுக்கு மறுபடி மலையேறினோம். குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து பார்த்தேன். நுனியில் ஐந்து இதழ், அடியில் ஒரே குவளை. பாதி பாஸ். ஆனால் தண்டை ஒடிக்க மனம் வரவில்லை. சரிவு முழுக்கத் தேடியும் அந்த ஒரு செடிதான், அதில் விரிந்ததும் ஒரே பூ. பெயர் தெரியாமலே போனாலும் பரவாயில்லை, இது இருக்கட்டும் என்று முடிவுசெய்து, தண்ணீர் குடிக்கக் காருக்கு இறங்கினேன்.

என் கணவர் பின்னாலேயே வந்தார், கையில் அந்தப் பூவோடு.

"இந்தா, தலையில வச்சுக்கோ. ஆசையாப் பாத்துக்கிட்டே இருந்தியே. கடையில கிடைக்கிற மல்லிய மாதிரி ஃப்ளைட்ல வாடி வந்ததில்ல இது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏங்க, எதுக்குப் பறிச்சிய? அது ஒண்ணுதான இருந்துச்சு?"

அவர் முகம் சுருங்கிப்போனது. பூவைப் பிடித்திருந்த கட்டைவிரலில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. பால்.

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல், பால் வந்தால் மணிப்பூதான் என்ற விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான் பறிச்சதும் நல்லதுக்குத்தான" என்றார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பூவை ஹேர்பின்னில் சொருகிக்கொண்டேன். கண்ணாடியில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் வீடு வரை ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் முறை போனபோது ஒடிந்த இடத்துக்குக் கீழே இரண்டு பூக்கள் விரிந்திருந்தன. அவர் எனக்கு முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன, இன்னைக்குப் பறிக்கலையா?" என்று சீண்டினேன்.

"பேரு தெரிஞ்சிட்டுல்லா," என்றார். "இனி கை வராது."