நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. எனக்கு இல்லை, என் மச்சானுக்கு. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

அக்கா வேலை பார்த்த வக்கீல் ஆபீஸை மூடிவிட்டார்கள். ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை வருவதாக இருந்தது. அச்சக மேனேஜர் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து இறக்கினார்.

"முன்னாடி எங்களுக்கு டைப் அடிச்ச அம்மா வீட்ல இருந்தது. கீபோர்டு மட்டும் புதுசு. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வர்றேன். ஓடுச்சுன்னா வேலை உங்களுக்கு. இல்லைன்னா இன்னொருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அந்தப் பெட்டியைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடுறேன். காசே வேணாம். கிழட்டு மெஷினும் பறக்கும்."

"பறக்க வேணாம், நடந்தாப் போதும்" என்றாள் அக்கா.

ஞாயிறு காலை பென்டிரைவும் கையுமாக உட்கார்ந்தார். அந்தப் பெட்டி பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் கறுப்புத் திரை. பென்டிரைவை மாற்றினார். மறுபடியும் கறுப்புத் திரை. சாப்பாடு ஆறிப்போனது. மண்டை காய்ந்துபோய், "சனியனே!" என்று பெட்டியின் தலையில் ஒன்று போட்டார். உடனே கிளம்பிவிட்டது.

என்ன மொழி என்று கேட்டது. தமிழைத் தேர்ந்தெடுத்தார். அடுத்து ஓர் உலக வரைபடம். கீழே ஒரு சின்னக் கட்டம். மேலே ஒரு கேள்வி.

'நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?'

கடிகாரத்தைச் சரிசெய்ய ஊரைக் கேட்கிறது, அவ்வளவுதான். மச்சான் ஊர்ப் பெயரை அடிக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் கட்டத்தில் ஏதோ இருந்தது.

,q;Nfjhd;

அழித்தார். மறுபடி வந்தது. அதே எழுத்துகள், அதே வரிசை. அப்படி ஓர் ஊர் உலகத்தில் இல்லாததால் 'தொடர்க' பொத்தான் அமுங்க மறுத்தது. பின்னால் போய் முன்னால் வந்தார். அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். எல்லாம் வீண். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

"என் உயிரை வாங்குதுடி இது!"

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு அடிச்சா இதை?"

"யாரும் அடிக்கல. புதுக் கீபோர்டும் ஓட்டை."

"இல்லங்க. பழைய தட்டச்சு முறையில தமிழ் அடிச்சு, எழுத்துரு மாறிப்போனா இப்படித்தான் இங்கிலீஷா தெரியும். ஆபீஸ்ல தினமும் பார்த்ததுதானே."

"சரி, என்னதான் போட்டிருக்கு?"

அக்கா கட்டத்தைப் பார்த்தாள். மேலே இருந்த கேள்வியைப் பார்த்தாள்.

"இங்கேதான்..."

மச்சான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கட்டத்தை அழித்தார். அழித்த கையோடு கீபோர்டு ஒயரைப் பிடுங்கி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார்.

கட்டம் காலியாக இருந்தது.

டக்...

ஒரு கமா வந்தது.

டக்... டக்...

மடியிலிருந்த கீபோர்டில் ஒரு கட்டைகூட அசையவில்லை.

சத்தம் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. தரையிலிருந்து. யாரோ ஒற்றை விரலால்... கஷ்டப்பட்டு... தேடித் தேடி அடிப்பதுபோல.

மச்சானுக்குக் குனியத் தைரியம் இல்லை.

அக்கா குனிந்தாள்.

வெறும் தரை.

டக்...

அவள் நிமிரவில்லை. அந்தத் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியுதும்மா. இங்கேதான் இருக்கீங்க."

சத்தம் நின்றது.

கட்டம் தானாகக் காலியானது. மச்சான் ஒயரைச் செருகி ஊர்ப் பெயரை அடித்தார். பொத்தான் அமுங்கியது. அதன்பிறகு ஒரு தடங்கலும் இல்லை.

மேனேஜர் சொன்னபடி வந்தார். ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஒரு கட்டுத் தாளை அக்கா கையில் கொடுத்தார்.

"முன்னாடி அடிச்சவங்க எங்க போனாங்க சார்?" என்று கேட்டாள் அக்கா.

"தவறிட்டாங்கம்மா. தனியா இருந்தவங்க. பக்கவாதம். எழுந்திருக்க முடியல, வாயும் வரல. கீபோர்டை மட்டும் எப்படியோ தரைக்கு இழுத்திருக்காங்க. கை அதுமேலதான் கிடந்துச்சு. திரை முழுக்க ஏதோ குப்பை எழுத்தாம். மெஷின் கோளாறுன்னு போலீஸ்காரர் அணைச்சுட்டாராம்."

மச்சான் அக்காவைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

மேனேஜர் கிளம்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அடிச்ச தாள் வரலைன்னு நான் மூணு நாள் போய்க் கதவைத் தட்டினேன்மா. 'எங்கம்மா இருக்கீங்க'ன்னு கத்தினேன். சத்தமே இல்ல. ஊருக்குப் போயிருப்பாங்கன்னு திரும்பி வந்துட்டேன்."

மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு கேட்டார்.

"நான் கூப்பிட்டப்போ அவங்களுக்கு உயிர் இருந்திருக்காது... இல்லையாம்மா?"

"இருந்திருக்காது சார்" என்றாள் அக்கா.