பத்தொன்பது தரம் முயன்றவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்தேன். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் போனிலேயே படிக்கக் கொடுக்கும் பயிற்சிப் பாடங்களைத் தயாரிப்பதுதான் எங்கள் தொழில். பாடத்தை எழுதுவதும் கேள்விகளை அமைப்பதும் என் பொறுப்பு.

ஆஸ்பத்திரிகளுக்குத் துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கொம்பனி எங்களிடம் வந்தது. கிருமிநாசினியை எந்த அளவில் கலப்பது, எந்தக் கழிவை எந்த நிறப் பையில் போடுவது என்றெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் பாடம் வேண்டும் என்றார்கள். செய்து முடித்து, அதை எப்படிப் பாவிப்பது என்று காட்ட நானே கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். முப்பது பேர்வரை வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா கையை உயர்த்தினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலை ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார்.

“மிஸ், இதுல பிழை விட்டா ஒபிஸ்ல தெரியுமா?”

“இல்ல அக்கா, பயப்பிடாதேங்கோ. இது சோதனை இல்ல, பழகத்தான். எத்தினை தரம் வேணுமெண்டாலும் செய்யலாம்.”

அவர்கள் பயமில்லாமல் படிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு பதிலும் பதிவாகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் நான் யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை.

அந்த அக்கா என் நம்பரை வாங்கிக்கொண்டார். இரண்டு முறை போன் எடுத்துச் சந்தேகம் கேட்டார். ஒரு கேள்வியில் நான் எழுதியிருந்த வசனம் இரண்டு மாதிரி விளங்குகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அதைத் திருத்தினேன். அவ்வளவு கவனமாகப் படித்தார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கொம்பனியின் மனேஜர் மின்னஞ்சல் அனுப்பினார். யார் யார் எத்தனை பிழை விட்டார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டுமாம். எனக்கு உறுத்தியது. என் பொஸ்ஸிடம் போய், “இது பழகத்தான் எண்டு அவையளுக்குச் சொல்லியிருக்கிறன்” என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அவங்கட ஸ்டாஃப், அவங்கட டேட்டா. கேட்டதைக் குடுங்க” என்றார்.

அரை மணித்தியாலத்தில் பட்டியலை அனுப்பிவிட்டேன். பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, அதிகம் பிழை விட்டவர்களை மேலே போட்டுச் சிவப்பு நிறமும் அடித்தேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

முதலாவது பெயர் அந்த அக்காவுடையது. பத்தொன்பது தரம் செய்திருந்தார், அதனால் பிழைகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. கடைசி ஆறு தரமும் ஒரு பிழைகூட இல்லை. அதை நான் பட்டியலில் காட்டவில்லை. பிழைகளைத்தானே கேட்டார்கள்.

சில மாதங்களின் பின், கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரே என்னைக் கண்டு சிரித்துக்கொண்டு வந்தார். வேலை எப்படி என்று கேட்டேன்.

“சுப்பவைசரா போடுறேன்னு சொல்லியிருந்தாங்க மிஸ். பொறகு, ஒனக்குப் பாடம் ஏறல, நெறையப் பிழை விட்டிருக்கன்னு சொல்லி வேற ஒருத்தரப் போட்டாங்க. வார்ட்ல இருந்தும் எடுத்துட்டாங்க. இப்ப அதே ஆஸ்பத்திரியில கார் பார்க் கூட்டுறேன். அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சின்னுதான் வெளங்கல.”

என்மேல் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. என் பஸ் வந்து நின்றது. ஏறிப் போயிருக்கலாம்.

“அக்கா, ஆர் எத்தினை பிழை விட்டதெண்டு அவையளுக்கு லிஸ்ட் அனுப்பினது நான்தான்” என்றேன்.

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். “நான் ஒங்ககிட்ட கேட்டேனே மிஸ்” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

அடுத்த நாளே மனேஜருக்கு அவருடைய முழுப் பதிவையும் அனுப்பினேன். இவரைப்போல் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர் வேறு யாரும் இல்லை, அரைகுறையான பட்டியலைத் தந்தது நான் என்று எழுதினேன். அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அக்காவுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன், அவர் அழைப்பை ஏற்கவில்லை. மூன்றாம் தரம் எடுக்க எனக்கு முகமில்லை.

இப்போது வேறு இடத்தில் இதே தொழில்தான் செய்கிறேன். பாடம் எழுதத் தொடங்குமுன், பதில்களை யார் பார்ப்பார்கள், எதற்குப் பாவிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுகிறேன். படிப்பவர்களுக்கும் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதனால் ஒரு கொம்பனி எங்களை விட்டே போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த ஒழுங்கெல்லாம் அந்த அக்காவுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. என் வார்த்தையை நம்பி, வெட்கப்படாமல் பிழை விட்டுப் படித்த ஒருவரை அந்தப் பிழைகளைக் கொண்டே காட்டிக்கொடுத்தேன் என்பதை, இனி எத்தனை பாடங்களை ஒழுங்காகச் செய்தாலும் என்னால் அழிக்க முடியாது.