கல்லின் ஓரத்தில் ஓர் எண்

குவைத்தில் ஏழு வருடம் நான் பராமரித்த பெரிய மேடம், நான் நாடு திரும்பும் அன்று தன் வைர மோதிரத்தைக் கழற்றி என் கைக்குள் வைத்து மூடினார். அறையில் வேறு யாரும் இல்லை. விமான நிலையத்தில் கேட்பார்களோ என்று பயந்து அதைக் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு வந்தேன். மறைத்ததுதான் பிழை. தந்த பொருளே களவெடுத்த பொருள்போல உறுத்தத் தொடங்கியது. பிறகு அவர் மௌத்தாகி அடக்கமும் செய்தாகிவிட்டது. சாட்சிக்கு ஆளில்லை.

போன மழையில் அடுக்களைக் கூரை இறங்கியது. மோதிரத்தை விற்கலாமென்று கணவரோடு கல்முனையில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணில் சின்னக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வைரந்தான் தங்கச்சி. ஆனா தங்கம் மாதிரி நிறுத்து விலை சொல்ல ஏலா. பாரம், நிறம், உள்ளுக்குள்ள பழுது, வெட்டின நேர்த்தி, நாலும் பாக்கணும். நிறமே இல்லாட்டித்தான் விலை கூட. இதுக்குள்ள மயிர் போல ஒரு கீறல் இரிக்கி.” அவர் கை சட்டென்று நின்றது. “ஓரத்தில நம்பரும் வெட்டிக் கிடக்கு. நமக்கு ஐடி காட் மாதிரி. இந்த நம்பருக்குரிய சான்றுப் பேப்பர் எங்க?”

அந்த எண்ணைத் தட்டினால் களவு போன நகையென்று காட்டுமென்றே நினைத்தேன். அவர் போனில் தட்டினார். பாரம் வந்தது, நிறம் வந்தது, கீறல் இருக்கும் இடம்கூட வந்தது.

“ஆர்ர பேரும் இதில இல்ல. ஆனா பேப்பர் இல்லாம நான் எடுக்க மாட்டன்.”

வெளியே வந்ததும் கணவர் சொன்னார்: “மேடத்துர மகளுக்கு அறிவி புள்ள.”

“களவெடுத்ததெண்டு சொன்னா?”

“குடுத்திருவம். ஹறாமான காசில போட்ட கூரைக்குக் கீழ நிண்டு எப்பிடித் தொழுற?”

ஸலவாத்து ஓதிக்கொண்டே மோதிரத்தைப் படம்பிடித்து அந்த மகளுக்கு அனுப்பினேன். உங்கள் உம்மா தந்தது, வேண்டுமென்றால் திருப்பித் தருகிறேன் என்று எனக்குத் தெரிந்த அறபியில் பேசியும் அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார். பதில் இல்லை.

மூன்று நாள் போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே பொலிஸ் என்று சன்னலால் எட்டிப் பார்த்தேன். தொழுகையில் நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் கிடக்கும்போது என்ன கேட்பதென்று தெரியாமல் அழுதேன்.

நான்காம் நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு படம் வந்தது. கல்லின் பேப்பர், அதே எண். கூடவே அந்த மகளின் குரல்: “உம்மா உனக்குக் கொடுக்கச் சொன்ன பேப்பர் இது. நான்தான் மறந்துவிட்டேன். தேடி எடுக்க நாளாகிவிட்டது.”

கணவர் எழும்பிச் சட்டையை மாட்டினார். “அல்ஹம்துலில்லாஹ். கடைக்குப் போவமா?”

“கொஞ்சம் இரிங்க,” என்றேன். “நன்றி சொல்லித் தொழுதிட்டு வாறன்.”