மொட்டை மாடியில் கூடாரப் பண்டிகை

துடியலூரில் நாங்கள் சொந்த வீடு கட்டியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அதுவரை வாடகை வீட்டின் நடையில் பாய் விரித்துத் தூங்கியவள். புது வீட்டில் எனக்கென்று ஓர் அறை, அதில் ஒரு கட்டில் என்று அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்தே அப்பா சொல்லிவந்தார். புதுமனைக்கான பிரதிஷ்டை ஜெபம் முடிந்த அன்றே கட்டிலும் வந்து இறங்கியது. அன்று மாலையே அப்பா எங்களை மொட்டை மாடிக்குக் குடியேற்றிவிட்டார்.

அந்த வருடம் முழுவதும் அவர் பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளைக் கரைத்துக் குடித்திருந்தார். வனாந்தரத்தில் வீடில்லாமல் அலைந்ததை மறக்காதிருக்க, இஸ்ரவேலர் வருடத்துக்கு ஏழு நாள் தழைக் குடிசையில் தங்க வேண்டும். அதுதான் கூடாரப் பண்டிகை. சொந்த வீடு வந்த கையோடு மனுஷனுக்குக் கடவுள் மறந்துபோகும், ஆகவே கூடாரத்தில் இருந்துவிட்டுத்தான் கட்டிலில் படுக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்தார். கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் அதையும் நெருக்கமாக வேயவில்லை.

பிரதிஷ்டைக்கு வந்திருந்த பெரியப்பா இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்டா தம்பி, நம்ம சபைல அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்கா ஏலம் எடுக்கறமே, அது பத்தாதா? ஐப்பசில மாடில போயி உக்காந்தீன்னா காச்சல்தான் பண்டிகை கொண்டாடும். மூணு நாள்ல எறங்கிருவே பாரு."

"ஏழு நாளும் இருப்பனுங்கண்ணா" என்றார் அப்பா.

அவர் பிடித்தால் உடும்புப் பிடி. அம்மாவுக்கு அது தெரியும். "நீங்க வாக்குக் குடுத்தது ஆண்டவருக்குங்களா, உங்க அண்ணனுக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். முதல் நாள் ஓய்வுநாள், யாரும் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று அப்பா சொன்னபோதும் அம்மா மறுப்புச் சொல்லவில்லை. அந்த ஓய்வுக்கான புளிசாதத்தை முந்தின நாளே கிளறி வைத்திருந்தார்.

எனக்கோ உள்ளே பற்றி எரிந்தது. கீழே என் கட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. நட்சத்திரத்துக்கு விட்ட இடைவெளியில் எல்லாம் தண்ணீர் ஒழுகியது. பாய் நனைந்தது. நான் தும்மினேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அம்மா எழுந்துவிட்டார்.

"புள்ளைக்குச் சளி புடிக்குதுங்க. நாங்க எறங்கறோம். நீங்க இருந்து பண்டிகைய முடிச்சுப்போட்டு வாங்க."

நான் தலையணையை எடுத்து இடுக்கிக்கொண்டேன். அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

பக்கத்து மனையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த வடக்கத்திக்காரர்கள். புருஷன், பெண்சாதி, என் வயதில் ஒரு பெண். மனை ஓரத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மாடி நன்றாகத் தெரியும். வீடு பூட்டி, விளக்கில்லாமல் கிடப்பதையும், நாங்கள் கீற்றுக்கடியில் உண்டு உறங்குவதையும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இங்கே வந்து கற்ற தமிழில் அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, ஊடு போச்சுங்களா?"

யாரோ எங்களை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார். பதிலுக்குக் காத்திராமல், அவர் புருஷன் கையோடு கொண்டுவந்த நீலத் தார்ப்பாயைக் கூரைமேல் விரித்து, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினார். அப்பா நட்சத்திரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒழுகுவது நின்றது. கீழே இறங்கச் சாக்கும் போயிற்று. வரம் கொடுக்க வந்த சாமியைப் பூசாரி தடுத்த கதைதான். தலையணையைத் திரும்பப் போட்டுப் படுத்தேன், அந்தக் குடும்பத்தின்மேல் சொல்ல முடியாத கோபத்தோடு.

காலையில் எட்டிப் பார்த்தால், எங்கள் புதுச் சுற்றுச்சுவரில் அவர்களுடைய போர்வைகள் சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தன. கோள்மூட்ட நல்ல சமயம் என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. கொட்டகையின் கூரையைப் பார்த்தார். நேற்றுவரை அந்தத் தார்ப்பாய் மூடியிருந்த இடத்தில் தகரம் துருப்பிடித்து, கைநுழையும் ஓட்டைகளாக இருந்தது.

அப்பா தார்ப்பாயை அவிழ்த்து மடித்தார். அதையும் வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு கீழே போனார். அவர்கள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அப்பாவின் பிடிவாதத்தை ஜெயிக்க ஆண்டவராலேயே ஆகாது, அவர்கள் எம்மாத்திரம். "வாசல்ல இருக்கற அந்நியனும் சேந்து சந்தோசப்பட்டாத்தானுங்க இது பண்டிகை, இல்லீன்னா சும்மா நனையறதுதான்" என்றார். அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அன்றிரவு மூவரும் எங்கள் வீட்டுக்குள் படுத்தார்கள். என் அறையில், என் கட்டிலில், பிளாஸ்டிக் உறையைப் பிரித்து முதன்முதலாகப் படுத்தவள் அந்தப் பெண். அதை நினைத்து நினைத்து அழுதேன்.

மழை விடவில்லை. நாங்கள் மாடியில் குடை பிடித்துப் பண்டிகையைத் தொடர்ந்தோம். கடைசி நாள் பெரியப்பா வந்தார். உள்ளே அடுப்பில் ரொட்டி சுடுகிறவர்களையும், மேலே நனைகிற தம்பியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சொந்த ஊட்டுக்கே வாச்மேன் ஆயிட்டயாடா" என்று சிரித்தார். ஆனாலும் தம்பி சொன்னதைச் செய்துவிட்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவர் போன பிறகு, அப்பா சந்தோஷமாக இருப்பார் என்று நம்பி, ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"பண்டிகை முடிஞ்சா அவங்க அந்தக் கொட்டாய்க்கே போயிருவாங்கல்லப்பா?"

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கிற அப்பா, அதைக் கேட்டதும் சுவருக்கு அப்பால் அந்த ஓட்டைத் தகரக் கூரையையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டது என் கட்டிலைப் பற்றி. ஏழு நாளும் இருந்து காட்டிய மனுஷர் ஏன் தோற்றுப்போனவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.