அப்பாவின் நெஞ்சில் இருந்த தூசி

மைசூர்ப் பக்கத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அப்பா பாறைக்குத் துளை போடும் வேலையில் இருந்தார். நான் ஏழாவது படித்தபோது, நாலு எட்டு நடந்தாலே இளைக்கிறவராக எங்கள் ஊர் அகரத்துக்குத் திரும்பி வந்தார். காசநோய் என்று சொல்லிச் சுரங்கத்து டாக்டர் அனுப்பிவிட்டாராம்.

சித்தப்பா அவரை வீட்டுக்குள் விடவில்லை. "சின்னப் புள்ளைக இருக்கிற வீடு மதினி. தொத்திக்கிட்டா யாரு பாக்குறது?" என்று கனகாம்பரத் தோட்டத்து மோட்டார் அறையில் கட்டிலைப் போட்டார். தட்டும் தம்ளரும் தனி. அம்மா கொண்டுபோகும் சோற்றில் பாதியை அப்பா மிச்சம் வைத்துவிடுவார். மெல்லவும் மூச்சு வாங்கவும் சேர்ந்தாற்போல் தெம்பு இல்லை.

அம்மா பிடிவாதமாக அவரை வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நானும் போனேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "சுரங்கத்துல என்ன வேலை?" என்று கேட்டார்.

"பாறையக் குடையிறதுங்கய்யா. தூசி மாவு கணக்காப் பறக்கும். எதுக்க நிக்கிற ஆளு தெரியாது" என்றார் அப்பா.

"இது டி.பி. இல்லம்மா. கல்லுத் தூசி நுரையீரல்ல இறுகிப் போச்சு. யாருக்கும் தொத்தாது. ஆனா மருந்தும் கிடையாது."

தொத்தாது என்பது மட்டும்தான் அம்மாவின் காதில் விழுந்தது போலும். ஊர் திரும்பியதும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "டி.பி. இல்லையாம்! சுரங்கத்துத் தூசிதான் நெஞ்சுக்குள்ள அடைச்சிருக்காம்!"

அன்று பொழுது சாய்வதற்குள் சித்தப்பா அண்ணனைத் தூக்கிவந்து கூடத்தில் படுக்க வைத்தார். பால், முட்டை எல்லாம் வந்தது. தானே உட்கார்ந்து விசிறினார். "இப்பத்தாம்மா என் தம்பி மனுசனாயிருக்கான்" என்று என்னிடம் சொல்லும்போது அப்பாவுக்குக் கண் கலங்கியது. தங்கச் சுரங்கத்துத் தூசி என்றால் தங்கத் தூசிதானே என்று ஊருக்குள் ஓடிய பேச்சு எங்களுக்குத் தெரியாது.

படுக்கவும் முடியாமல், உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து காற்றைத் தேடித் தேடி அப்பா செத்தார். எரித்தார்கள்.

மறுநாள் காலை, சாம்பல் அள்ளப் போகப் பெரியவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சித்தப்பாவைக் காணோம். கூப்பிட்டு வரத் தோட்டத்துக்கு ஓடினேன்.

கிணற்றுத் தொட்டியடியில் அவர் குந்தியிருந்தார். திண்டுக்கல் நாகல் நகர் நகைப் பட்டறைகளின் குப்பையை அலசிப் பொன்பொடி எடுக்கிற ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்தான். சட்டியில் சாம்பல். தண்ணீர் விட்டுச் சுழற்றச் சுழற்ற, வாய்க்காலில் கறுப்பாக ஓடியது. ஓர் எலும்புத் துண்டை எடுத்து அவன் பாத்திக்குள் எறிந்தான்.

"ஒண்ணுமில்லங்க. வெறும் சாம்பல்."

"நெஞ்சுப் பக்கமாப் பாத்துத்தானப்பா அள்ளிட்டு வந்தேன். இன்னொருக்கா அலசு."

நான் போய்ச் சொன்னதும், துக்க வீட்டுப் பெண் வெளியே வரக்கூடாது என்று தடுத்தவர்களைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். சித்தப்பா எழுந்திருக்கக்கூட இல்லை.

"குடுத்த பாலும் முட்டையும் தண்டமாப் போச்சு மதினி" என்றார்.

அம்மா வாய்க்காலில் மண்டியிட்டு, கறுத்த சேற்றைக் கையால் வழித்து வழித்து முந்தானையில் கட்டினாள். பாத்திக்குள் கிடந்த எலும்பை நான் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் குடகனாற்றுக்கு நடந்தோம். ஆற்றில் கணுக்காலளவுதான் தண்ணீர். சேறு போகாமல் காலடியிலேயே தங்கியது. அம்மா குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தள்ளித் தள்ளி விட்டாள்.

அந்த வாரமே ஆத்தூரில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டோம்.