பதினாலு இலக்கத்தில் நான்

தொண்ணூறுகளின் கடைசியில், கொழும்பில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை நித்திரையில் தட்டி எழுப்பினாலும் இரண்டு எண்கள் வாயில் வரும். அடையாள அட்டையின் ஒன்பது இலக்கம், வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டின் ஐந்து இலக்கம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தால் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பேன். சின்னம்மா வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டால்தான் கொப்பியைப் பார்க்க வேண்டும்.

அந்தத் துண்டில் கொழும்பில் நிற்பதற்கான காரணம் என்றொரு கட்டம் உண்டு. எனக்கு அதில் ‘படிப்பு’. வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கொம்பியூட்டர் வகுப்புத்தான் அந்தப் படிப்பு. அது மாதக் கடைசியில் முடிகிறது. சேர்ட்டிபிகேட்டோடு வந்தால் வேலை தருவதாகக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் சொல்லியிருந்தார்கள். வகுப்பின் கடைசிச் சோதனையில் கோட்டை விட்டால் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை, கொழும்பில் நிற்கவும் ஏலாது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

வகுப்பில் மூன்று பேருக்கு ஒரு மெசின். நான், என்னைப்போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் நின்ற ஒருத்தி, கிராண்ட்பாஸ் முஸ்லிம் அக்கா ஒருவர். சோதனைக்கு முதல்நாள் மூவரின் புரோகிராமையும் ஒரே ஃபைலில் சேர்த்தோம். மேல் வரியில் யாருடைய எண் இருக்கிறதோ அவருடைய பகுதி மட்டும் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது பிரீப்ரொசெசர். நாங்கள் எழுதியதை மெசினுக்கு விளங்கும்படி மாற்றும் கொம்பைலர் வேலை தொடங்க முன்னரே வாசலில் நின்று, எண்ணைப் பார்த்து, இந்தப் பகுதி உள்ளே, மற்றதெல்லாம் வெளியே என்று பிரித்து அனுப்பும் ஆள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருந்தால் போதும். ஆனால் ‘உங்கள் எண்’ என்றதும் நாங்கள் இருவரும் யோசிக்கவேயில்லை, பதினாலையும் சேர்த்து அடித்துவிட்டோம். அக்காவுக்குப் பொலிஸ் பதிவு தேவையில்லை. ஒன்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சோதனையில் கொட்டாஞ்சேனைக்காரியின் மருந்துக்கடைப் பட்டியல் அழகாக ஓடியது. அக்காவினதும் ஓடியது. என் எண்ணை நான் அடித்ததும் என் நூலகப் புத்தகப் பட்டியலுக்குப் பதிலாக அவளுடைய இருமல் மருந்து வந்து நின்றது. திரும்பவும் அடித்தேன். திரும்பவும் இருமல் மருந்து.

“பிள்ளை, இது அவவின்ரை எல்லோ?” என்றார் எங்களுக்குப் படிப்பித்த சேர்.

நான் கொட்டாஞ்சேனைக்காரியை முறைத்தேன். “என்ரையை அழிச்சுப்போட்டாய், என்ன?”

“விசரே, நான் தொடவேயில்லை!”

அக்கா எட்டிப் பார்த்தார். “எனத்துக்கு புள்ள இவ்வளவு நீளம்? என்ட சின்ன நம்பர் ஓடின தானே.”

சேர் ஃபைலைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தப் பழைய கொம்பைலரின் வாசற்காரனுக்கு இருநூற்றுப் பதினாலு கோடிச் சொச்சத்துக்கு மேல் எண்ணத் தெரியாதாம். அதைத் தாண்டி எது வந்தாலும், ஒரு முறைப்பாடும் இல்லாமல், தனக்குத் தெரிந்த அந்தக் கடைசி எண்ணாகவே எடுத்துக்கொள்ளுமாம். அக்காவின் ஒன்பது இலக்கம் அதற்குள் அடங்கிவிட்டது. நாங்கள் இருவரும் அடங்கவில்லை. அதனால் அதற்கு அவளும் நானும் ஒரே ஆள். ஃபைலில் அவளுடைய பகுதி முன்னால் இருந்தபடியால் அவளை உள்ளே விட்டு என்னை வெளியே நிறுத்தியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைத் தூக்கிக் காலி வீதியில் எறிந்திருப்பேன்.

“பத்து நிமிசம் தாறன். நம்பரை மாத்துங்கோ,” என்றார் சேர்.

அதில் ஐந்து நிமிடம் யார் ஒன்று என்று சண்டை பிடித்தோம். அக்கா தானாகவே மூன்றை எடுத்துக்கொண்டு எங்களை ஏசினார். கடைசியில் நான் இரண்டு. மேல் வரியில் ஒற்றை இலக்கத்தை அடித்ததும் என் நூலகம் வந்தது. பாஸ்.

அடுத்த கிழமை வேலைக் கடிதத்தோடு பொலிஸ் நிலையம் போனேன். காரணக் கட்டத்தில் ‘தொழில்’ என்று எழுதிப் புதுத் துண்டு தந்தார்கள். பின்னேரம் கொட்டாஞ்சேனைக்காரிக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

“அங்கையும் உன்ரை நம்பர் ரெண்டு எண்டு சொல்லியிருக்கலாமே?” என்றாள்.

சிரித்து முடிய நேரமெடுத்தது. பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, அங்கேயே நின்று புது எண்ணைப் பாடமாக்கினேன். இந்த முறை அதில் பழையதைவிட ஒரு இலக்கம் கூடுதலாக இருந்தது.